சீன எழுத்தும் கோட்டு முறையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நானோ பத்தாம் வகுப்புத் தேறியதும் பள்ளியை விட்டு, தேர்வெழுதி, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல் ஆபீஸில் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் கணக்கெழுதுவதே என் தொழில். ஆதலின், "இவ்வாண்டு நீங்களும் பேச வேண்டும்" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது முதலில் மறுத்தேன். "தெரிந்ததைப் பேசுங்கள், போதும்" என்றார். எனக்குத் தெரிந்ததாக, அதுவும் சிறிதளவே தெரிந்ததாக, ஒன்று உண்டு. சீன எழுத்தைக் கோட்டு முறை பிறழாமல் எழுதுவதே அது.

தமிழ்ச் சங்க மேடையில் சீன எழுத்துக்கு என்ன வேலை என்று சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறேன். நாம் வாழும் இந்தக் கொல்கத்தா நகரில் சீனர்கள் நமக்கு அயலார் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் டாங் அச்சியூ என்னும் சீனர் பஜ்பஜ் அருகே கரும்பாலை வைத்தார். அவர் பெயராலேயே அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் என வழங்குகிறது. பின்னர் வந்தவர்களில் காண்டன் பகுதியினர் தச்சு வேலையிலும், ஹக்கா மரபினர் தோல் பதனிடுதலிலும் செருப்புத் தொழிலிலும், ஹூபே மாநிலத்தார் பல் வைத்தியத்திலும் பெயர் பெற்றனர். டிரெட்டி பஜாரும் டாங்ராவும் அவர்கள் வாழ்ந்த இடங்கள். அவர்களும் நம்மைப் போலவே பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களே.

அத்தகைய ஒரு பெரியவர், சோயா சாஸும் மிளகாய் சாஸும் அடைத்த பெட்டிகளை வெளியூர்களுக்கு அனுப்புவதற்காக எங்கள் அலுவலகத்துக்கு வருவார். ஹக்கா மரபினர். எழுபது வயதைக் கடந்தவர். என்னை 'பாபு' என்பார். நான் அவரை 'அங்கிள்' என்பேன். எங்கள் பேச்செல்லாம் கொல்கத்தா ஹிந்திதான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்து மாலையில் அவருக்கும் எனக்கும் ஒரு தகராறு வந்தது. கைவண்டியிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் என் வழக்கப்படி நான்கு கோடுகள் கிழித்து, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணினேன். என் கணக்கு 62. அவர் கணக்கு 63. "நான் எண்ணியதே சரி. நீங்கள்தாம் ஒரு கோடு கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள்" என்று சற்றுக் கடுமையாகவே கூறிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தனர்.

பெரியவர் சினம் கொள்ளவில்லை. தாம் சாக்குக்கட்டியால் எழுதியிருந்த பலகையைக் காட்டினார். அதில் ஒரே வடிவமான எழுத்து பன்னிரண்டு முறை நிறைவாக இருந்தது. பதின்மூன்றாவது எழுத்து பாதியில் நின்றது. "பாபு, இந்த எழுத்துக்கு ஐந்து கோடு. பன்னிரண்டு எழுத்து என்றால் அறுபது. கடைசி எழுத்தில் மேற்கோடு இருக்கிறது, நடுக்கோடு இருக்கிறது, வலப்பக்கத்துச் சிறு கோடும் இருக்கிறது. ஆக மூன்று. நடுவில் தேநீர் குடிக்கப் போனேன். அப்போது சாக்குக்கட்டியை வாங்கி எண்ணியவன் என் தம்பி மகன். நான் விட்ட கோட்டுக்கு அடுத்த கோட்டிலிருந்து அவன் தொடங்கினான். அவன் விட்டதற்கு அடுத்ததிலிருந்து நான் தொடர்ந்தேன். எங்கே தவறும்?" என்றார்.

மீண்டும் எண்ணினோம். தராசுக்குப் பின்புறம் ஒரு பெட்டி ஒதுங்கியிருந்தது. மொத்தம் 63. தவறு என்னுடையதே. 62 என்று பில் போட்டு அந்தப் பெட்டி காணாமற் போயிருந்தால், நட்டம் அவரை வந்து சேர்ந்திருக்கும். விசாரணை என்னை வந்து சேர்ந்திருக்கும். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிறகு, "இது என்ன எழுத்து?" என்று வினவினேன். "ஜெங். நேர், சரி என்று பொருள்" என்றார். சரி என்னும் எழுத்தே அன்று என் கணக்குச் சரியன்று என்று காட்டியது!

சிறுவர்களே, அனைவரும் வலக்கைச் சுட்டுவிரலை உயர்த்துங்கள். சீனப் பள்ளிகளிலும் குழந்தைகள் இவ்வாறே காற்றில் எழுதிப் பழகுவார்கள். முதலில் மேலே இடமிருந்து வலமாக ஒரு கிடைக்கோடு. இரண்டாவது, அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு நெடுங்கோடு. மூன்றாவது, நெடுங்கோட்டின் இடையிலிருந்து வலப்புறம் ஒரு சிறு கிடைக்கோடு. நான்காவது, இடப்பக்கத்தில் ஒரு குறு நெடுங்கோடு. ஐந்தாவது, அடியில் எல்லாவற்றையும் தாங்குமாறு நீண்ட கிடைக்கோடு. நன்று! இதுவே அவ்வெழுத்து. சீனத்திலும் ஜப்பானிலும் இவ்வெழுத்தைக் கொண்டே பொருள்களையும் வாக்குகளையும் ஐந்தைந்தாக எண்ணுவர். கோடுகளின் முறை எல்லார்க்கும் பொதுவாக இருப்பதால், பாதியில் நிற்கும் எழுத்தைப் பார்த்தவுடனே எண்ணிக்கை இன்னது என்று எவரும் சொல்லிவிடலாம். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடரலாம்.

அன்று தொடங்கியது என் படிப்பு. பெரியவர் வரும் நாள்களில், வேலை ஓய்ந்த வேளையில், பழைய பாரங்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். பின்னர்க் கட்டம் போட்ட தாள்களைக் கொணர்ந்து தந்தார். ஒவ்வொரு சதுரத்துள்ளும் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் மெல்லிய கோடுகள் இருக்கும். அரிசியைக் குறிக்கும் எழுத்தைப் போல இருப்பதால் அதற்கு அரிசிக் கட்டம் என்று பெயர். மூலைக்கோடுகள் இல்லாதது வயற்கட்டம். வயலும் அரிசியும் நமக்கும் உகந்தவை என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு கிடைக்கோடு இட்டால் ஒன்று. இரண்டு இட்டால் இரண்டு. மூன்று இட்டால் மூன்று. இவை மேலிருந்து கீழாக எழுதப்பெறும். கிடைக்கோட்டின் மேல் நெடுங்கோடு இட்டால் பத்து. இங்கே முதல் விதி வருகிறது. கிடைக்கோடு முன்னர், நெடுங்கோடு பின்னர். பத்தின் நடுவிலிருந்து இடப்புறம் ஒரு சாய்கோடும் வலப்புறம் ஒரு சாய்கோடும் இறக்கினால் மரம். இங்கே இரண்டாம் விதி. இடச்சாய்வு முன்னர், வலச்சாய்வு பின்னர். இரண்டு மரங்களை அருகருகே எழுதினால் தோப்பு. இடப்பக்கத்தை முடித்த பின்னரே வலப்பக்கம் என்பது மூன்றாம் விதி. தோப்பை எழுதும்போது இடப்பக்க மரத்தின் கடைசிச் சாய்கோடு நீளாமல் சிறு புள்ளியாகக் குறுகிவிடும். ஏன் என்று வினவினேன். "பக்கத்து மரத்துக்கு இடம் வேண்டாமா?" என்றார் பெரியவர். நம் காலனியிலும் அண்டை வீட்டுக்கு இவ்வாறு இடம்விட்டு வாழ்ந்தால் தண்ணீர்க் குழாயடியில் பூசல் இராது!

'வாய்' என்பது ஒரு சதுரம். நான் அதனை ஒரே சுழற்சியில் வரைந்தேன். பெரியவர் தலையசைத்தார். இடப்பக்கத்து நெடுங்கோடு ஒன்று. மேற்கோடும் வலக்கோடும் மடிந்து ஒரே கோடாக வருவது இரண்டு. அடிக்கோடு மூன்று. நம் கண்ணுக்கு நாலு பக்கம், சீனர் கைக்கு மூன்றே கோடு. 'நாடு' என்னும் எழுத்தும் இவ்வாறு சதுரத்துள் அடங்கியது. பழைய வடிவில் அதற்குப் பதினொரு கோடுகள், 1956க்குப் பின் சீன அரசு எளிமையாக்கிய வடிவில் எட்டு. எவ்வடிவாயினும், மூன்று பக்கச் சுவரை எழுப்பி, உள்ளே இருப்பவற்றை எல்லாம் எழுதி, கடைசியிலேதான் அடிக்கோட்டை இட வேண்டும். ஆள்கள் உள்ளே புகுந்த பின்னரே கதவைச் சாத்துவது என்று சீன ஆசிரியர்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் கதவை முதலிலேயே சாத்திவிட்டு, உள்ளே எழுத இடம் போதாமல் பல நாள் திண்டாடினேன்.

'சிறிய' என்னும் எழுத்தில் நடுக்கோடு முதலில், பின்னர் இடம், பின்னர் வலம். நடு நிலைத்தால் இரு பக்கமும் ஒத்து அமையும்.

எழுதி முடித்த பிறகு பார்த்தால் எந்தக் கோடு முதலில் வந்தது என்று யாருக்குத் தெரியும், இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். எனக்கும் எழுந்தது. என் அனுபவத்தில் கண்ட விடைகள் மூன்று.

முதலாவது, நினைவு. 1988இல் சீனத்தில் வெளியிட்ட பட்டியலின்படி நாள்தோறும் வழங்கும் எழுத்துகள் மட்டுமே 3500. இவற்றைக் கண்ணால் மட்டும் நினைவிற் கொள்ளுதல் அரிது. ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் சென்றால் கை அவ்வழியை அறிந்துகொள்கிறது. நான் ஓர் எழுத்தை மறந்துபோய் விழித்த வேளைகளில், முதற்கோட்டை இட்டவுடன் மற்றவை தாமே வந்து விழுந்ததுண்டு.

இரண்டாவது, பிறர் கையெழுத்தைப் படித்தல். விரைந்து எழுதுபவர் தூரிகையை முற்றிலும் தூக்குவதில்லை. ஒரு கோட்டின் முடிவும் அடுத்த கோட்டின் தொடக்கமும் மெல்லிய இழையால் இணைந்துவிடும். எல்லாரும் ஒரே முறையில் எழுதினால், எல்லார் எழுத்தும் ஒரே வகையாகவே இழைந்து உருமாறும். ஆதலின் படிக்க முடிகிறது. முறை அறியாதவனுக்கு அது நூற்சிக்கல். சீனர் போற்றும் எழுத்துக் கலைஞர் வாங் ஸிஜி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் 353இல் எழுதிய முன்னுரை ஒன்றின் மூலம் மறைந்துபோனது. பின்னோர் பார்த்தெழுதிய படிகளே எஞ்சின. அவர் தூரிகை சென்ற வழியை அப்படிகளைக் கொண்டே மாணவர்கள் இன்றும் விரலால் தொடர்ந்து பழகுகின்றனர். மறைந்து பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆன ஒருவரின் கையசைவு இன்றைய சிறுவனின் கையில் உயிர்க்கிறது.

மூன்றாவது, தேடுதல். சீன எழுத்தில் அகர வரிசை இல்லை. 1716இல் காங்ஸி பேரரசர் ஆணையால் முற்றுப்பெற்ற அகராதியில் நாற்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் உண்டு. அவற்றை 214 உறுப்புகளின் கீழ்ப் பகுத்து, கோடுகளின் எண்ணிக்கைப்படி அடுக்கினர். கோடுகளைச் சரியாக எண்ணத் தெரியாதவன் அகராதியைப் புரட்ட இயலாது. இன்றைய கைப்பேசியிலும் கோட்டு முறையில் எழுத வழி உண்டு. கிடைக்கோடு 1, நெடுங்கோடு 2, இடச்சாய்வு 3, புள்ளியும் வலச்சாய்வும் 4, மடிப்புக்கோடு 5. இந்த ஐந்து எண்களே போதும். சற்றுமுன் சொன்ன மரத்தை எழுத வேண்டுமானால் 1, 2, 3, 4 என்று வரிசையாக அழுத்தினால் வந்துவிடும். நெடுங்கோட்டை முதலில் இட்டு 2, 1, 3, 4 என்று அழுத்துங்கள், மரம் முளைக்காது!

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். இம்முறை வானத்திலிருந்து இறங்கியது அன்று. வயலைக் குறிக்கும் எழுத்தில் உள்ளே இருக்கும் கூட்டல் குறியைச் சீனர் கிடைக்கோட்டில் தொடங்குவர், ஜப்பானியர் நெடுங்கோட்டில் தொடங்குவர். இருவருடைய வயலும் வயலே. 1958இல் ஜப்பானியக் கல்வி அமைச்சு 881 எழுத்துகளுக்கு வழிகாட்டி வெளியிட்டபோது, பிற முறைகளைத் தவறென்று தள்ளவில்லை என்றும் அதிலேயே கூறிவைத்தது. சீனத்தில் 1997இல் 7000 எழுத்துகளுக்கும், பின்னர் 2020இல் 8105 எழுத்துகளுக்கும் முறை வகுத்து வெளியிட்டனர். ஆக இது மாந்தர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு. ரயில் இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடுவதா, வலப்பக்கத்தில் ஓடுவதா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடலாம். ஆனால் ஒரு தண்டவாளத்தில் ஓடும் வண்டிகள் எல்லாம் ஒரே விதிக்கு உட்பட வேண்டும் அன்றோ? ரயில்வேக்காரனாகிய எனக்கு இது எளிதில் விளங்கிற்று.

இனி, சிறிது வருத்தமான செய்தி. 1962 போரின்போது, இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த சீனக் குடும்பங்கள் பல ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமுக்கு அனுப்பப்பெற்றன. அதன் பின்னர்ப் பலர் கனடா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். இங்கே எஞ்சியோர் சிலர். அவர்தம் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கின்றனர். வீட்டில் ஹக்கா பேசுவார்கள், தெருவில் வங்காளியும் ஹிந்தியும் பேசுவார்கள், எழுதுவது மட்டும் இல்லை. சீனத்திலேயும் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டி, திரையில் வரும் சீன எழுத்தைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் பெருகிவிட்டதனால், பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று அவர்களே ஒரு தொடர் வழங்கும் அளவுக்கு மறதி வந்திருக்கிறது.

எங்கள் பெரியவரும் சில ஆண்டுகளுக்கு முன் தம் மகளோடு வாழக் கனடாவுக்குச் சென்றுவிட்டார். செல்லுமுன் அலுவலகத்துக்கு வந்து விடைபெற்றார். தம் தூரிகைகளுள் ஒன்றை என்னிடம் தந்து, "பாபு, உன் எழுத்து அழகாக இல்லை. முறை மட்டும் சரியாக இருக்கிறது. அழகு பிறகு வரும்" என்றார். இதுவரை வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பெட்டிகளைக் கொண்டு வருபவன் அவருடைய பேரன். அன்று பெட்டி எண்ணிய தம்பி மகனும் வெளிநாடு சென்றுவிட்டான். பேரன் நல்ல பிள்ளை, கைப்பேசியிலேயே கணக்கு வைப்பான். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அவன் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பெட்டிகளோ இறங்கிக்கொண்டிருந்தன. என் மேசையிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதத் தொடங்கினான். தாத்தா எழுதியதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறான். வடிவம் நினைவிருந்தது, வழி நினைவில்லை. முதலில் நெடுங்கோட்டை இட்டான், பின்னர் அடிக்கோட்டை இட்டான், பின்னர்த் தயங்கி நின்றான். மூன்றாவது பெட்டிக்கு எங்கே கோடு போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான் எழுந்து சென்றேன். "தம்பி, மேற்கோடு முதலில்" என்றேன். அவன் வியப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தான். சாக்குக்கட்டியை வாங்கி ஒரு முறை எழுதிக் காட்டினேன். பிறகு அவன் கையில் கொடுத்தேன். அன்று வந்த பெட்டிகள் 48. ஒன்பது எழுத்து நிறைவாகவும், பத்தாவதில் மூன்று கோடுகளும் அவனே எழுதினான். எழுதியதைப் படம் பிடிக்கக் கைப்பேசி உயிரோடு இல்லையே என்று வருந்தினான். மறுநாள் வந்து மீண்டும் எழுதிப் படமெடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பினான். அங்கிருந்து வந்த பதிலை எனக்குப் படித்துக் காட்டினான். "பாபுவிடம் மற்றவற்றையும் கேட்டுக்கொள்" என்பதே அது. அந்தப் பெரியவர் தந்ததை அவர் பேரனிடம் திருப்பித் தரும் பேறு, திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எனக்கு வாய்த்தது. வேறு வழியாகச் சென்றிருக்க வேண்டிய பார்சல், என் அலுவலகம் வழியாகச் சென்றது என்றே கருதுகிறேன்.

அன்று மாலை வீடு திரும்பியதும் என் மகளின் தமிழ் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் 'கொடி' என்று எழுதுவதை அருகில் அமர்ந்து கவனித்தேன். முதலில் ககரத்தை எழுதினாள், அதன்பின் வலப்புறம் காலை இட்டாள், கடைசியில் இடப்புறம் மீதமிருந்த சந்தில் ஒற்றைக்கொம்பை நெருக்கிச் செருகினாள். கைப்பேசியில் ககரத்தைத் தட்டி, பின்னர் ஒகரக் குறியைத் தட்டினால் 'கொ' வந்துவிடுகிறது. ஒலியும் அவ்வரிசையிலேயே வருகிறது. ஆனால் கையால் எழுதும்போது கொம்பு முன்னர், ககரம் நடுவே, கால் பின்னர் என்பதை அவளுக்கு யார் காட்டினார்கள்? குற்றம் குழந்தையுடையது அன்று. அவள் கையைப் பிடித்து எழுதிக் காட்டாத என்னுடையது. சீனப் பெரியவரிடம் பல ஆண்டுகள் உட்கார்ந்து கற்ற நான், என் மகளோடு பத்து நிமிடம் உட்காரவில்லை.

ஆகவே தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. நம் குழந்தைகள் எழுதி முடித்த நோட்டைத் திருத்தினால் மட்டும் போதாது. அவர்கள் எழுதும்போது அருகிலிருந்து பாருங்கள். எழுத்தின் வடிவத்தை நூல் காட்டும், திரை காட்டும். கை செல்லும் வழியை அருகில் உள்ள மற்றொரு கைதான் காட்ட வேண்டும். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என்னாலான உதவியைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். சீன எழுத்துக் கற்க விரும்பும் சிறுவர்கள் வந்தாலும் வரவேற்பேன். தூரிகை ஒன்றே உண்டு, முறை வைத்துக்கொள்வோம்.